பாரதக் கூத்தின் தலைமை மாந்தர்: சித்தூர், திருப்பதி வட்டார வழக்கு

1. முன்னுரை

காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். இராமகாதைக்கு இவ்விலக்கணம் இடர்ப்பாடின்றிப் பொருந்துகிறது. பாரதத்துக்கு அவ்வாறு பொருந்துவதில்லை. கி.பி. 941இல் பம்பன் கன்னடத்தில் அருச்சுனனைத் தலைவனாக்கினான். சில பத்தாண்டுகளுக்குப்பின் ரன்னன் வீமனைத் தலைவனாக்கினான். வில்லிபுத்தூராரோ கண்ணன் சரிதம் இடையிடையே வருவதையே தாம் பாடுதற்குரிய காரணமாகக் காட்டுகிறார். ஏட்டில் தீராத இவ்வினாவுக்குப் பாரதத்தை விழாவாக நிகழ்த்தும் மக்கள் வழக்கில் விடை உண்டா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

2. பெயர்ச்சான்று

சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துடன் இணைந்த பின்னரும் இந்நிலை எல்லையின் இருபுறமும் தொடர்கிறது. திருக்காளத்தியிலுள்ள கோயில் ‘திரௌபதி சமேத தர்மராஜ சுவாமி’ கோயில் எனப்படுகிறது. இத்தொடரில் தலைமைச்சொல் ‘தர்மராஜர்’. திரௌபதியின் பெயர் அதற்கு அடைமொழியாகவே நிற்கிறது. இதுகொண்டு தருமனே தலைவன் எனக் கருதுவோர் உளர். ஆனால் தொடரின் தலைமையும் கதையின் தலைமையும் ஒன்றல்ல. இரவுக் கூத்துகளின் பெயர்களே இதற்குச் சான்று. ‘அருச்சுனன் தபசு’, ‘கர்ண மோட்சம்’, ‘திரௌபதி துகில்’ என ஒவ்வோர் இரவும் ஒவ்வொருவர் பெயர் முன்னிற்கிறது.

3. நூற்சான்று

திக்கனர் தெலுங்கில் விராட பருவம் முதல் இறுதிவரை பதினைந்து பருவங்களைப் பாடினார். அவற்றில் தருமனின் ஆட்சியும் விண்ணேற்றமும் இடம்பெறுகின்றன. தமிழ்ப் பாரதப் பிரசங்கத்துக்கு அடிப்படையான வில்லிபாரதமோ பத்துப் பருவங்களில், போர் முடிவோடு நின்றுவிடுகிறது. எனவே தருமனைத் தனித்தன்மையுடையவனாக்கும் இறுதிப்பகுதி தமிழ்வழிக் கேட்போருக்கு நூலில் இல்லை. இந்நூல் வேறுபாடே கோயிற்பெயருக்குக் காரணம் எனல் பொருந்தாது. ‘தர்மராஜா கோயில்’ என்னும் பெயர் வட தமிழகத்திலும் பரவலாக உண்டு.

4. வினைமுதற் சான்று

விழாவின் உச்சம் படுகளம். மண்ணால் பெரிய அளவில் துரியோதனன் உருவம் கிடத்தப்படுகிறது. வீம வேடதாரி அதன் தொடையில் அடிக்கிறார். அதன்பின் திரௌபதி விரிந்த கூந்தலை முடிக்கிறாள், தீமிதி தொடர்கிறது.

தமிழிலக்கணம் கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா எனப் பிரிக்கும். தச்சன் கட்டிய கோயிலை அரசன் கட்டினான் என்பது வழக்கு. இப்பாகுபாட்டின்படி வீமன் இயற்றுதற் கருத்தா. சபதத்தால் அவன் வினையைத் தூண்டிய திரௌபதி ஏவுதற் கருத்தா. துகிலுரியும் இரவில் செயப்படுபொருளாக நின்றவள் படுகளத்தில் வினைமுதலாகிறாள். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளை அவிழ்ந்த கூந்தல் ஒன்றே இணைக்கிறது. அவளைத் துயருற்ற பெண்ணாக மட்டும் காணும் திறனாய்வு விழாவின் முதற்பாதியையே காண்கிறது.

கண்ணனும் ஏவுபவன்தானே என்னும் தடை எழலாம். தொடையைக் குறிப்பால் காட்டுபவன் அவனே. எனினும் அவன் ஏவல் அடிக்கும் முறையைப் பற்றியது. திரௌபதியின் ஏவல் அடிப்பதன் நோக்கத்தைப் பற்றியது. போர் முடிந்தும் கூந்தல் முடியப்படாவிடில் படுகளம் நிறைவுறாது.

மேடைப் பொலிவில் துரியோதனனே முதல்வன் என்பதும் மறுக்கத்தக்கதன்று. கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்ட கட்டை வேடத்தின் கம்பீரம் பெண் வேடத்துக்கு இல்லை. ஆயினும் மண்ணில் கிடத்தப்படுவதும் அவ்வுருவமே. மிகப் பெரியவன் வீழ்வதால் அவளது சபதத்தின் பெருமை உயர்கிறது.

5. முடிவுரை

கோயிற்பெயரில் தருமனும், ஒப்பனையில் துரியோதனனும், ஏட்டில் கண்ணனும் முதன்மை பெறுகின்றனர். வினையின் தொடக்கத்தையும் முடிவையும் அளவுகோலாகக் கொள்ளின் திரௌபதியே தலைமை மாந்தர். ‘சமேத’ என்னும் சொல் அவளைத் துணையாக்கினும், தீக்குழி இறங்கும் அடியவர் அவளைத் துணையாகக் கருதி இறங்குவதில்லை. அம்மன் என வணங்கியே இறங்குகின்றனர். காப்பிய இலக்கணம் ‘தலைவன்’ என ஆண்பாலில் வகுத்த இடத்தை மக்கள் வழக்கு பெண்பாலால் நிரப்பியிருப்பது இலக்கணத்தார் கருதத்தக்கது.