பேங்காக்கில் ஒரே ஒரு நாள், அடடா என்ன நாள்!

பச்சை நிறத்தில் இராவணன் நிற்கிறான். மம்பாவில் இருக்கும் எங்கள் தாமான் வீட்டுக் கூரையைவிட உயரம், தலைக்கு மேல் தலையாக அடுக்கிய கிரீடம், இரண்டு கையாலும் ஊன்றிய கதை, உடம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்துப் பளபளவென்று மின்னுகிறான். அவன் காலடியில் எங்கள் பெரியம்மா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, "டேய் தம்பி, இவன் இங்கயா வந்து ஜாகா வேலை பாக்குறான்?" என்று கேட்கிறார்! காலை மணி எட்டே முக்கால்தான். பேங்காக் அரண்மனை வளாகத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு அப்போதே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரி படுக்கிற வரைக்கும் அந்தப் படபடப்பு அடங்கவே இல்லை.

நாங்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரும் மம்பாவ்காரர்கள், கோயில் கும்பல். பாதிப் பேர் ஒரு காலத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள், மிச்சப் பேர் அவர்கள் பெற்ற பிள்ளைகள். கோலாலம்பூர் விமான நிலையம் எங்கள் ஊருக்குப் பக்கம்தானே, அங்கே ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பேங்காக். அதிலும் ஒரு சந்தோஷம் கேளுங்கள், தாய்லாந்து கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இறங்கினதும் ஒரு மணி நேரம் சும்மா கையில் கொடுத்த மாதிரி! மறுநாள் விடியற்காலை, ஊர் பழக்கத்தில் எல்லாரும் பிரட்டுக்கு எழுந்திருக்கிற நேரத்துக்கே எழுந்து, குளித்து, ஹோட்டல் வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். மலாய் பேசத் தெரிந்த தெற்கத்தித் தாய்லாந்துப் பெண் ஒருத்தி வழிகாட்டி. எங்களைப் பார்த்து அவளே அசந்துபோனாள்.

வேனில் போகும்போது அந்தப் பெண் சொன்னாள், பேங்காக் என்பது வெளியாள் கூப்பிடுகிற பேர், எங்களுக்கு இது குருங் தேப், முழுப் பேரைச் சொல்லட்டுமா என்று. சொல்லு என்றோம். மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகச் சொன்னாள் பாருங்கள்! தாய் எழுத்தில் 168 எழுத்து வருகிற பேர் அது. நடுநடுவே என் காதில் விழுகிறது, மகாநகரம், அமரர், ரத்தினம், மகேந்திரன், அயோத்தி, நவரத்தினம், ராஜதானி, கடைசியில் இந்திரன் சொல்ல விசுவகர்மா கட்டிய ஊராம். எல்லாம் கொஞ்சம் வாய் மாறி, உருமாறி வருகிறது, ஆனாலும் நம்ம வீட்டுப் பிள்ளை வேறு ஊரில் வளர்ந்து திரும்பி வந்தால் முகச்சாடையை வைத்துக் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கத்தினேன். வேனில் எல்லாரும் கைதட்டினோம்.

1782-ல் முதலாம் ராமா இந்த ஊரைத் தலைநகராக்கினபோது எழும்பின அரண்மனை இது. உள்ளே போக ஆளுக்கு 500 பாட். கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை போட்டால் விடமாட்டார்கள். சேலை கட்டி வந்த எங்கள் பெண்கள் ராணி மாதிரி நேரே உள்ளே போனார்கள், பையன்கள் இரண்டு பேர்தான் ஓடிப்போய் யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். மரகத புத்தரைக் கும்பிட்டோம். மொத்தமே 66 சென்டிமீட்டர் உயரம்தான், பச்சைக் கல்லில் உச்சாணியில் உட்கார்ந்திருக்கிறார். வெயில், மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அரசரே வந்து அவருக்கு உடை மாற்றுகிறாராம்.

ஆனால் நான் மயங்கி விழாத குறையாக நின்றது அங்கே இல்லை, கோயிலைச் சுற்றி ஓடும் அந்த மண்டபத்தில்தான். கற்பனை பண்ணிப் பாருங்கள், நாலு பக்கமும் சுவர், சுவர் பூரா இராமாயணம், 178 ஓவியம்! அவர்கள் அதை இராமகியன் என்கிறார்கள். முதல் படத்தில் ஜனகர் ஏர் உழுகிறார், சாலில் குழந்தை சீதை. அங்கே பிடித்து நடக்க ஆரம்பித்தால் காடு, கடல், அரக்கர் படை, தங்கப் பூச்சில் ஜொலிக்கிற தேர், வெள்ளை வெளேரென்று அனுமன். ஒரு படத்தில் அனுமன் மலை மாதிரி வளர்ந்து, இராமர் தூங்குகிற மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறார். அந்தப் படத்தின் முன்னால் எத்தனை நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. "இந்தா பாரு, சேது கட்டுறாங்க, மீன் வால் பொண்ணு ஒருத்தி கல்லைத் தூக்கிட்டுப் போறா" என்று பெரியம்மா காட்டினார். வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே, அவள் இராவணன் மகள் சுபன்னமச்சா, பாலத்தைக் கலைக்க வந்தவள், கடைசியில் அனுமனையே காதலித்துவிட்டாள் என்றாள். அனுமனுக்குக் காதலா! பெரியம்மா ஒரு நிமிஷம் கன்னத்தில் கைவைத்து நின்றார், பிறகு, "பாவம், அவனும்தான் எத்தனை நாளு தனியா அலைவான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மூன்று மணி நேரம் விட்டிருந்தாலும் நான் அங்கேயே கிடந்திருப்பேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

பக்கத்திலேயே வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற புத்தர், தங்க மேனி, 15 மீட்டர் உயரம், பாதத்தில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். இதெல்லாம் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராதது அந்தச் சத்தம்! புத்தரின் முதுகுப் பக்கம் சுவர் ஓரமாக 108 வெண்கலக் கிண்ணம் வரிசையாக வைத்திருக்கிறார்கள், சில்லறை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்கணும். கிண், கிண், கிண் என்று அந்தப் பெரிய கூடம் முழுக்க மழை மாதிரி. பெரியம்மா போட ஆரம்பித்தார் பாருங்கள், நிற்கவே இல்லை, குனியாமல், திரும்பாமல், ஒரு அடி, ஒரு காசு, ஒரு அடி, ஒரு காசு. எங்களில் யாருமே அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. கடைசிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பி, "மங்கு மங்கா நெரை புடிச்சவ நான், இது என்ன பெரிய காரியம்" என்றார். நாற்பது வருஷம் மரத்துக்கு மரம் மங்கில் பால் எடுத்த கை அது! எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அப்புறம் ஆறு! தா தியன் துறையில் படகு ஏறி சாவ் பிரயாவைக் கடந்தால் எதிர்க்கரையில் வாட் அருண். நம்ம அருணன்தான், சூரியனுக்குத் தேரோட்டுகிறவன். சீனக் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கானை உடைத்து, பூப்பூவாக அந்தக் கோபுரம் பூரா ஒட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பாட்டி வீட்டுத் தட்டுத் துண்டு மாதிரி இருக்கிறது, தள்ளி நின்றால் வானத்தில் கோலம் போட்ட மாதிரி. படி செங்குத்து, நான் பிடித்துப் பிடித்து ஏறி மேலே நின்று கை ஆட்டினேன், கீழே இருந்து இருபத்தொரு கை ஆடியது.

மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. மஞ்சள் கொடியில் சிவப்பில் 'ஜே' என்று அவர்கள் எழுத்தில் போட்டிருந்தால் சுத்த சைவம், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். தேங்காய்ப்பால் ஊற்றின பூலுட் அரிசிச் சோறும் மாம்பழமும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெயில் கொளுத்தியது உண்மை. வேன் நெரிசலில் மாட்டி முக்கால் மணி நேரம் போனதும் உண்மை. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

ஏனென்றால் அடுத்து இறங்கின இடம் சாவ் சிங் சா. 1784-ல் முதலில் நட்ட பெரிய ஊஞ்சல், சிவப்பு வண்ணத்தில் வானத்தைத் தொடுகிற தேக்குத் தூண்கள். 1935-க்குப் பிறகு அதில் யாரும் ஆடுவதில்லை. அதற்கு எதிரே அதே வருஷம் கட்டின தேவசதான், தேவஸ்தானம், அரசவைப் பிராமணர்களின் கோயில். சிவனுக்கு ஒன்று, பிள்ளையாருக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று என்று வெள்ளையாக மூன்று சின்னச் சின்னக் கட்டடம், அவ்வளவுதான். ஆனால் அங்கே நடக்கிற விழாவின் பேரைக் கேளுங்கள், திரியம்பாவாய்! திருவெம்பாவைதான் அப்படித் திரிந்திருக்கிறது. நம்ம மாணிக்கவாசகர் பாட்டும் ஆண்டாள் பாட்டும் கடல் தாண்டிப் போய், அர்த்தம் மறந்த பிறகும், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க் குருக்கள் வாயில் தங்கியிருக்கிறது. மம்பாவில் மார்கழி விடியற்காலையில் சர்க்கரைப் பொங்கலுக்காகவே தூக்கக் கலக்கத்தோடு நான் பாடின பாட்டு! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தெரு என்றும் பார்க்காமல் முதல் பாட்டை எடுத்தேன், பின்னாலிருந்து அண்ணி சேர்ந்தார், பிறகு மாமா, பிறகு எல்லாரும். ரோட்டில் போன தாய்க்காரர் ஒருவர் நின்று கைகூப்பிவிட்டுப் போனார்.

நாலு முகப் பிரம்மா இருக்கிற எராவான் சன்னதிக்கும் ஓடினோம். 1956-ல் ஹோட்டல் கட்டும்போது தடங்கல் மேல் தடங்கல் வந்ததால் வைத்த சன்னதியாம். சாமந்தி மாலை, மர யானை, வேண்டுதல் பலித்தவர்களுக்காக ஆடுகிற பெண்கள், எல்லாம் அழகு. ஆனால் மணி ஐந்தாகிவிட்டது, எனக்கு மனசெல்லாம் சீலோம் மேல்.

தாய்லாந்தின் பழைய பேரான சயாம் என்ற சொல் எங்கள் ஊரில் சிரித்துச் சொல்கிற சொல் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்த பாதை. போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். பெரியம்மாவின் அப்பா அதில் ஒருவர். பெரியம்மா அப்போது வயிற்றுப் பிள்ளை.

இப்போது நினைத்துப் பாருங்கள். மாலை நேரம், சீலோம் சாலை, இரு பக்கமும் வானளாவிய கட்டடம், கார் இரைச்சல், திடீரென்று முனையில் நம்ம கோபுரம்! பொம்மை பொம்மையாக, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக, செரம்பானில் பார்க்கிற அதே கோபுரம்! 19-ஆம் நூற்றாண்டில் வைத்தி படையாட்சி என்கிற தமிழர் முன்னின்று எழுப்பிய மாரியம்மன் கோயில். நான் கிட்டத்தட்ட ஓடினேன். வாசலில் தேங்காய், பழம், மாலை வைத்த தட்டு, உள்ளே மணி, கற்பூர வாசம், வேப்பிலைக்காரி நடுவில் சிரித்துக்கொண்டு. சுற்றிலும் யார் தெரியுமா? தாய்க்காரப் பிள்ளைகள்! ஆபீஸ் விட்டு வந்த பெண்கள், காலேஜ் பையன்கள், முட்டி போட்டு, கண் மூடி, உருகி உருகிக் கும்பிடுகிறார்கள். எங்கள் ஆத்தாளை! அர்ச்சனைக்கு குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டபோது பெரியம்மா தன் பேரைச் சொல்லவில்லை, அப்பா பேரைச் சொன்னார். நட்சத்திரம் தெரியாது சாமி, ஊர் மம்பாவ் என்றார். தீபாராதனை நெருப்பில் அவர் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை, எண்பது வயசு தாண்டின அந்த முகம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற தாய்ப் பெண், யார் என்ன என்று ஒன்றும் தெரியாமலே, தன் தட்டிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். நான்தான் கேவிக் கேவி அழுதேன், எங்கள் கும்பலே அழுதது, அழுதுகொண்டே சிரித்தோம்.

ராத்திரி ஹோட்டலுக்குத் திரும்பியதும், "நாளைக்கு எத்தனை மணிக்குடா கிளம்பணும்?" என்று கேட்டார் பெரியம்மா.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். அரண்மனை வாசலில் எட்டரைக்கு முன்னால் நில்லுங்கள், கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுவர் ஓவியங்களை நின்று பார்க்க முடியாது. முடிந்தால் நவராத்திரியில் போங்கள். விஜயதசமி இரவு சீலோம் சாலையையே அடைத்துவிட்டு அம்மன் ஊர்வலம் வருகிறாள், நாங்கள் அதற்காகவே இன்னொரு தடவை போகப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். வேனில் இன்னும் மூன்று இடம் காலியாக இருக்கிறது, வீட்டில் வயசானவர் யாராவது இருந்தால் முதலில் அவர் பேரைக் கொடுங்கள்.