நாணலும் அசாம் முயலும்

நாணல், கரும்பின் பேரினத்தைச் சேர்ந்த புல். கோவையில் உருவான கலப்பினக் கரும்புகளுக்கு உரம் தந்த உறவு. அசாம் முயலோ தன் பேரினத்தில் ஒற்றை இனம். இனங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் செம்பட்டியலில் நாணலைப் பற்றிக் கவலையில்லை. முயல் அழியும் ஆபத்தில் உள்ளது. இமயமலை அடிவாரத்தில் இரண்டும் ஒரே புல்வெளியில் வாழ்கின்றன என்பதால்தான் இந்த முரண் ரசிக்கவும் யோசிக்கவும் வைக்கிறது.

புல் இவ்வளவு இருக்க முயலுக்கு என்ன குறை என்று கேட்கலாம். முயல் ஒளிய ஆளுயரப் புல் வேண்டும். புல்வெளிக்குத் தீ வைத்தால் நாணல் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். மறைவிடம் இழந்த முயல் அதுவரை தாங்காது. எரிக்காவிட்டால் புல்வெளி காடாகிவிடும் என்பதும் நியாயமே. ஆகவே ஒரே மூச்சில் கொளுத்தாமல், ஆண்டுக்கொரு பகுதியாக மாற்றி எரிப்பதே அறிவு. பட்டியல் இனங்களைத் தனித்தனியே மதிப்பிடுகிறது. காப்பவர்கள் புல்வெளியை முழுதாகப் பார்க்க வேண்டும்.