சான்றாதாரக் கூட்டுத் தொகுப்பில் ஜோட்டெரோ மென்பொருள்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆய்வின் வலிமை அதன் சான்றுகளைப் பொறுத்தது. சான்றுகளைத் திரட்டவும் வகைப்படுத்தவும் பிறரோடு பகிரவும் உதவும் மென்பொருள்களுள் ஜோட்டெரோ குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த இது ஒரு கட்டற்ற மென்பொருள். தமிழாய்வுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குழு நூலகம்

வெவ்வேறு ஊர்களில் உள்ள ஆய்வாளர்கள் ஒரே நூல்விவரத் தொகுப்பையும் குறிப்புகளையும் கோப்புகளையும் பயன்படுத்தக் குழு நூலகம் வழிசெய்கிறது. தனியொருவரின் குறிப்பட்டைகளாக முடங்கிக்கிடந்தவை பொதுவுடைமையாகின்றன. ஒரு பதிவைச் சேர்த்தவர், இறுதியாகத் திருத்தியவர் ஆகியோரின் பெயர்களும் தெரிகின்றன. இது இதன் தலையாய நிறை.

பெயர்ப் பதிவு

ஆசிரியர் பெயரைக் குடும்பப்பெயர், முதற்பெயர் எனப் பிரித்துப் பதிவதே இதன் இயல்பான அமைப்பு. உ. வே. சாமிநாதையர் என்பதில் முதலெழுத்து ஊரையும் அடுத்தது தந்தையையும் சுட்டுகின்றன. குடும்பப்பெயர் என ஒன்றில்லை. பெயரை ஒரே புலத்தில் இடும் வசதி உண்டு. எனினும், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைக் கையாண்டால் ஓர் ஆசிரியரே துணைநூற்பட்டியலில் இருவராகத் தோன்றுவார். இக்குறையில் மென்பொருளுக்கு மட்டுமன்றி, முன்விதி வகுக்காத குழுவுக்கும் பங்குண்டு.

திருத்தத்தின் தடயம்

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. 1894இல் வெளிவந்த புறநானூறு முதலான தம் பதிப்புகளில் உ. வே. சா. பிரதிபேதங்களைக் காட்டினார், தாம் ஏற்காத பாடத்தையும் படிப்போர் அறிய இடமளித்தார். குழு நூலகத்திலோ ஒருவர் செய்யும் திருத்தம் முந்தைய பதிவின் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. முதற்பதிப்பின் ஆண்டை மறுபதிப்பின் ஆண்டாக ஒருவர் மாற்றினால், பழைய ஆண்டும் மாற்றத்தின் காரணமும் பிறர் பார்வைக்கு எஞ்சுவதில்லை. அப்பிழை அத்தொகுப்பிலிருந்து மேற்கோள் எடுக்கும் அனைவரின் கட்டுரைகளிலும் பரவும். பலர் எடுத்தாள்வதாலேயே அது உண்மைபோலவும் தோன்றும். தனியொருவரின் பிழையைவிடக் கூட்டுப்பிழை களையக் கடினமானது.

முடிவுரை

இக்குறைகளுக்காக இக்கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. பெயர்ப் பதிவுக்குப் பொதுவிதி வகுத்தல், திருத்தத்தின் காரணத்தைப் பதிவோடு இணைந்த குறிப்பில் எழுதுதல், திருத்தும் உரிமையைக் குழு நிருவாகிகளுக்கு மட்டும் வழங்கும் வசதியைப் பயன்படுத்துதல் ஆகியன பெரும்பாலான பிழைகளைத் தடுக்கும். சான்றைச் சேர்த்துத் தருவது கருவியின் பணி. மூலநூலைத் திறந்து அதனைச் சரிபார்ப்பது ஆய்வாளரின் கடமை.