நினைவின் பள்ளங்களும் ஹாஃபிழின் தடுமாற்றமும்

திருமறையை மனனம் செய்யும் மாணவனைப் பெரிதும் தடுமாறச் செய்பவை கடினமான வசனங்கள் அல்ல. ஒன்றையொன்று ஒத்த வசனங்களே. அல்பகராவின் 58ஆம் வசனத்தைத் தொடங்கியவன், தன்னையறியாமல் அல்அஃராஃபின் 161ஆம் வசனத்துக்குள் சென்றுவிடுவான். இத்தகைய முதஷாபிஹாத் வசனங்களுக்கென்றே ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த அலமுத்தீன் அஸ்ஸகாவீ ஒரு செய்யுள் நூல் இயற்றினார். அவர் எழுதுகோலை எடுத்த இடத்தில், திருப்புல்லாணி வட்டாரத்து மத்ரஸா ஒன்றில் இளம் உஸ்தாதாக இருந்த நான் பிரம்பை எடுத்தேன். பையனுக்குக் கவனமில்லை என்பது என் தீர்ப்பு.

அத்தீர்ப்பு தவறென்று எனக்கு உணர்த்தியது ஓர் ஆங்கில நூல். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. சீனிவாச சக்ரவர்த்தி எழுதி 2019இல் ஸ்பிரிங்கர் வெளியிட்ட ‘டீமிஸ்டிஃபையிங் தி பிரெய்ன்’, மூளையைக் கணினி மாதிரிகளின் வழியே விளக்குகிறது. நினைவு பற்றிய அத்தியாயமே நமக்கு முக்கியமானது.

ஜான் ஹாப்ஃபீல்டு 1982இல் அமைத்த மாதிரியில் (இவருக்கு 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது) நினைவு என்பது ஏதோ ஓர் அறையில் பூட்டிவைத்த பொருளன்று. நரம்பணுக்களைப் போன்ற எளிய அலகுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. சேர்ந்து இயங்கும் அலகுகளிடையே பிணைப்பு வலுக்கிறது. ஒவ்வொரு நினைவும் ஒரு பள்ளம். வசனத்தின் முதற்பகுதியைக் கொடுத்தால், சரிவில் விட்ட பந்துபோல் அமைப்பு உருண்டு முழு வசனத்தில் போய் நிற்கும். உஸ்தாத் இரண்டு சொல் எடுத்துக் கொடுக்க மாணவன் தொடர்ந்து ஓதுவது இதுவேயன்றோ! ஆனால் நூறு அலகுகளுக்கு ஏறத்தாழ பதினான்கு நினைவுகளே தாங்கும், மிகுந்தால் குழப்பம். ஒத்த நினைவுகளின் பள்ளங்கள் ஒன்றில் ஒன்று கலக்கும். சில வேளை இரண்டுமல்லாத மூன்றாவது போலிப் பள்ளமும் தோன்றும். இரு சூராக்களையும் கலந்து, எங்குமில்லாத ஒரு வாக்கியத்தை ஓதிவிட்டு விழிக்கும் சிறுவனை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவன் அடிக்கப்பட வேண்டியவன் அல்லன்.

இவ்வளவுக்கும் நூலாசிரியருக்கு நன்றி சொல்லலாம். எனினும் மர்மம் நீக்குவதாகக் கூறும் தலைப்பை ஏற்க மனம் ஒப்பவில்லை. ஹாப்ஃபீல்டு மாதிரியில் ஒவ்வோர் அலகும் மற்றெல்லா அலகுகளோடும் இருபுறமும் சமவலுவுடன் பிணைந்திருக்கும். மூளை அவ்வாறு அமைந்ததன்று. இது சிறு குறையே. இப்னு ஸீனா அகப்புலன்களைப் பிரித்தபோது, ஓநாயின் உருவத்தைக் காத்து வைக்கும் ‘கயாலை’யும் அதன் பகைமையைக் காத்து வைக்கும் ‘ஹாஃபிழா’வையும் வேறு வேறாக வைத்தார். மூளையின் எந்த அறையில் எது என்று அவர் குறித்ததை இன்று எவரும் ஏற்பதில்லை. ஆனால் உருவமும் பொருளும் ஒன்றல்ல என்ற அவரது பகுப்பை இந்த மாதிரி தொடவேயில்லை.

பிற்காலத்தில் நான் அவ்விரு வசனங்களையும் இலக்கணத்தோடு கற்பித்தேன். ஒன்றில் ‘நுழையுங்கள்’ என்ற கட்டளை, மற்றதில் ‘குடியிருங்கள்’ என்பது. வேறுபாட்டைப் புரிந்துகொண்ட மாணவர்களிடம் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது. பொருளையும் சில கூடுதல் அலகுகளாகச் சேர்த்தால் இயந்திரமும் இவ்வாறே தெளியும் என்று பேராசிரியர் தரப்பில் விடையிறுக்கலாம். உண்மைதான். ஆனால் எந்த அலகு ‘நுழைதல்’, எந்த அலகு ‘குடியிருத்தல்’ என்று குறித்துத் தருபவர், அந்த மாதிரிக்கு வெளியே அமர்ந்திருக்கும் மனிதர்.