மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சில்லுகள்

திருச்சிக்காரருக்கு மின்சாரம் என்றதும் திருவெறும்பூர் பெல் கொதிகலன்தான் நினைவுக்கு வரும். அது மெகாவாட் கணக்கு. மில்லிவாட் சமாசாரத்தைத் தமிழருக்குச் சொன்னவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய சுஜாதா, ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் புரட்சியில் அதிகம் பேசப்படாதது பவர் மேனேஜ்மென்ட் சில்லு. செல்போன் பேட்டரி 4.2 வோல்ட்டில் தொடங்கி 3 வோல்ட் வரை இறங்கும். பிராசசருக்கோ ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக, ஆடாமல் அசையாமல் வேண்டும். இடையில் நின்று பட்டுவாடா செய்வது இந்தச் சில்லு.

இந்தப் பட்டுவாடாவில் மூத்த பாணி லீனியர். 1960களின் பிற்பகுதியில் பாப் விட்லர் அமெரிக்காவில் ரெகுலேட்டரை ஒரே சில்லுக்குள் அடக்கினார். பின்னர் வந்த 7805 பாலிடெக்னிக் மாணவருக்கும் ரிப்பேர்க் கடைக்காரருக்கும் பழக்கமானது: மூன்று கால், முதுகில் அலுமினிய ஹீட் சிங்க். 12 வோல்ட் கொடுத்து 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் எடுத்தால் 7 வாட் சூடாகவே போய்விடும். விரலை வைத்தால் சுரீரென்று தெரியும்! ஆனாலும் இரைச்சலில்லாத மின்சாரத்துக்கு இன்றும் இதுதான்.

ஸ்விட்சிங் பாணிக்காரர்களுக்கு இந்த விரயம் பொறுக்காது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை டிரான்சிஸ்டரைத் திறந்து மூடி, காயிலில் ஆற்றலைத் தேக்கி விடுவார்கள். 1976-ல் பாப் மமானோ வடிவமைத்த எஸ்ஜி1524 இதன் கட்டுப்பாட்டை ஒரு சில்லுக்குள் கொண்டுவந்தது. 90 சதவீதத் திறன் இருந்தால் அதே 5 வாட்டுக்குச் சூடு அரை வாட்டைச் சற்றே தாண்டும். விலையாக இரைச்சலும் காயிலும் வந்து சேரும். காயில் வேண்டாமென்றால் கபாசிட்டரே வேலை செய்யும் சார்ஜ் பம்ப் உண்டு. வேகமாகச் சார்ஜ் ஏறும் போன்கள் பலவற்றில் அதுதான்.

எந்தப் பாணிக்கும் சுருதி பெரும்பாலும் ஒன்றுதான்: பேண்ட்கேப் ரெஃபரன்ஸ். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். வேறு வேறு அடர்த்தியில் கரண்ட் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் வோல்டேஜ் வித்தியாசமோ வெப்பத்தோடு ஏறும். இரண்டையும் சரியான விகிதத்தில் கூட்டினால் சுமார் 1.2 வோல்ட், அக்னி நட்சத்திரத்திலும் மார்கழியிலும் ஏறக்குறைய அதேதான். இத்துறையில் இதைவிட அழகான யோசனை கிடையாது.

தரம் பார்ப்பதிலும் கறார் கூடியிருக்கிறது. அமெரிக்க விதிப்படி 2016 முதல் சிறிய அடாப்டர்கள் போன் மாட்டாமல் சும்மா செருகிக் கிடந்தால் 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. யுஎஸ்பி கேபிள் வழியே மின்சாரம் கொடுப்பதற்கான பவர் டெலிவரி தரத்தின் உச்சவரம்பும் 2021-ல் 240 வாட்டுக்கு உயர்ந்தது.

பெரிய மின்சாரத்தில் தமிழ்நாட்டுக்குப் பேர் சொல்ல ஆள் உண்டு. சென்னையில் பிறந்து, ஐஐடி மெட்ராஸில் 1969-ல் பட்டம் பெற்ற ஜயந்த் பாலிகாவின் ஐஜிபிடி என்ற பவர் டிரான்சிஸ்டர் ரயிலையும் மின்சாரக் காரையும் ஓட்டுகிறது. 2024-ல் அவருக்கு மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

சின்ன மின்சாரத்துக்கும் ஆள் வேண்டாமா? 1964-ல் தொடங்கிய திருச்சி என்ஐடியில் பவர் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு துறையில், விஎல்எஸ்ஐ என்னும் சில்லு வடிவமைப்பு இன்னொரு துறையில். பவர் சில்லுக்கு இரண்டும் வேண்டும். 3 நானோமீட்டர் ஆலையும் தேவையில்லை. பல பவர் சில்லுகளுக்கு 180 நானோமீட்டரே போதும், அந்த ஆலை மொஹாலியில் இருக்கிறது. மாணவர்களே, அடுத்த ப்ராஜெக்ட்டுக்குப் பக்கத்துத் துறையிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.