"தொடாதீர்!" என்னும் பலகை

அருங்காட்சியகம் என்று பெயர் சூட்டினோம். காட்சி என்ற சொல்லை அதன் நடுவிலே நிறுத்தினோம். கண்ணுடையார்க்கே இம்மாளிகை என்று பெயரிடும்போதே முடிவு கட்டிவிட்டோமோ என்ற ஐயம், நம் பள்ளி மாணவர்களோடு ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது நமக்கு எழுந்தது. மாணவருள் ஒருவன் பார்வையற்றவன். கற்சிலையொன்றின் முன் நின்று கை நீட்டினான். "தொடாதே!" என்று அதட்டினார் காவலர். நீட்டிய கை மடங்கிற்று. "எல்லாரும் பார்க்கிறார்களே, ஐயா, நான் எதைக்கொண்டு பார்ப்பது?" என்றான். விடை நம்மிடம் இல்லை.

தொடாதே என்ற சொல் இந்நாட்டுக்குப் புதிதன்று. கோயில் வாயிலிலும் குளக்கரையிலும் எத்தனையோ தலைமுறை கேட்ட சொல். ஆகவேதான் நம் செவியிலே அது இருமுறை சுட்டது. காவலரை நோவதற்கில்லை, பலகையை எழுதியவர் அவரல்லர்.

காப்பாளர்கள் கூறும் காரணம் பொய்யன்று. விரலின் வியர்வையிலே உப்பு உண்டு, எண்ணெய்ப் பசை உண்டு. வெண்கலத்தை அவை அரிக்கும். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்து வெண்கலச் சிலையின் பாதம், பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர் தொட்டும் முத்தமிட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. பொருள் காக்கப்பட வேண்டும், ஒப்புகிறோம். காப்பதற்கு விலக்குவது ஒன்றே வழியா என்றுதான் கேட்கிறோம்.

இத்தாலி நாட்டு அங்கோனா துறைமுக நகரம் இதற்கு விடை கூறுகிறது. ஆல்டோ கிராசினி, டேனியலா போட்டெகோனி என்ற தம்பதியர் இருவரும் பார்வையற்றோர். அருங்காட்சியகங்களிலே, தொடக்கூடாது என்ற தடையை முட்டி முட்டிச் சலித்தவர்கள். சலிப்போடு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. 1985 இல் தொட்டறியும் அருங்காட்சியகம் ஒன்று வேண்டுமென்ற எண்ணத்தை முன்வைத்தனர். 1993 இல் அங்கோனா நகராட்சி அதனைத் திறந்தது. 1999 இல் நாடாளுமன்றமே சட்டமியற்றி அதனை அரசு அருங்காட்சியகமாக்கிற்று. பெயர் ஹோமர் அருங்காட்சியகம். பார்வையற்றவர் என்று மரபு கூறும் கிரேக்கப் பெரும்புலவரின் பெயர்.

அங்கே மைக்கேலாஞ்சலோவின் 'பியேட்டா' சிற்பத்தின் படியை விரலால் படிக்கலாம். தாயின் மடியிலே கிடக்கும் மகனின் துவண்ட கை எங்கே தொடங்கி எங்கே தொங்குகிறது என்பதைத் தோளிலிருந்து தடவி வந்தே அறியலாம். பார்த்தெனான் கோயிலின் மாதிரி உண்டு. தூண்களை எண்ணலாம், கூரையின் சரிவை உள்ளங்கையால் அளக்கலாம். ஏதென்சுக்கே சென்றாலும் ஒரு தூணைத்தான் கை எட்டும். முழுக் கட்டடத்தையும் எந்தக் கை தழுவும்? மாதிரி என்றால் போலி என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். கண்ணுடையோரும் அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றி வரலாம். பார்வையற்றோர்க்கென ஒதுக்கிய மூலையன்று அது. எல்லார்க்கும் உரிய கூடம்.

குறை இல்லாமலில்லை. புகழ்பெற்ற பழஞ்சிற்பங்கள் அங்கே சாந்திலும் பிசினிலும் வார்த்த படிகளே. சலவைக்கல்லின் குளிர்ச்சி சாந்துக்கு வருமா? படி இருக்கிறதே, மூலம் எதற்கு என்ற சாக்கு பிறப்பதற்கும் இடமுண்டு.

நம் நாட்டிலும் முயற்சி நடந்ததுண்டு. தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015 இல் 'அனுபவ்' என்ற பெயரில், தொட்டுணரும் 22 படிகளோடு ஒரு கூடம் திறந்தது. பாராட்டுகிறோம். எனினும் 2 இலட்சம் பொருள்களுக்கு மேல் வைத்திருக்கும் மாளிகை, 22 ஐக் கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று இருந்துவிடலாமா? பசித்தவனுக்கு விருந்தின் மணத்தை மட்டும் காட்டும் கணக்கு அது.

சட்டம் இல்லை என்று சொல்ல வழியில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. அணுகல் வசதிக்கான அளவுகோல்களை, விரும்பினால் பின்பற்றும் அறிவுரையாக நிறுத்திவிட்ட 15 ஆம் விதி செல்லாது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. கட்டாய விதிகளை மூன்று திங்களில் வகுக்குமாறும் பணித்தது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், செவி கேளாதார்க்குச் சைகை மொழி, பார்வையற்றோர்க்குப் பிரெயில் எழுத்து: இவை இரக்கத்தால் இடும் பிச்சையல்ல. வரிப்பணத்தால் நடக்கும் மாளிகையிலே வரி செலுத்துவோரின் உரிமை.

ஊர் திரும்பியதும் அந்தச் சிலையைக் களிமண்ணிலே நம்மால் இயன்றவாறு செய்து மாணவன் கையிலே கொடுத்தோம். நெடுநேரம் தடவினான். "மூக்கு அங்கேயும் இப்படி உடைந்துதான் இருக்கிறதா, ஐயா, அல்லது நீங்கள் செய்கையில் உடைந்ததா?" என்றான். கண்ணிருந்தும் நாம் அதனைக் கவனித்து வரவில்லை. அடுத்த திங்கள் மீண்டும் அழைத்துச் செல்ல இருக்கிறோம். கல்சிலை ஒன்றையேனும் காப்பாளர் முன்னிலையில் அவன் தொட இசைவு வேண்டி மடல் விடுத்திருக்கிறோம்.