யோசிக்க எத்தனை மணி நேரம் போதும்?

கறுப்பு, வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து ஆடும் ‘கோ’ விளையாட்டில், 1938 ஜூனில் ஜப்பானில் தொடங்கிய ஓர் ஆட்டம் டிசம்பரில்தான் முடிந்தது. ஓய்வுபெறவிருந்த மூத்த மேதை ஹொனின்போ ஷூசாய்க்கும் இளம் வீரர் கிதானி மினோருவுக்கும் யோசிக்கத் தலா 40 மணி நேரம். ஷூசாய் நோயில் விழுந்ததால் இடையில் மூன்று மாதம் ஆட்டம் நின்றது. கிதானி 34 மணி நேரத்துக்கு மேல் யோசித்தார். ஷூசாய் 20 மணியைக்கூடத் தொடவில்லை. 5 புள்ளியில் கிதானி வென்றார்.

அதிகம் யோசித்தவர் ஜெயித்தார் என்று முடிவுகட்டுவது அவசரம். ஷூசாய்க்கு வயது 64, உடலும் ஒத்துழைக்கவில்லை. முதலில் வைக்கும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுகட்ட வெள்ளைக்குப் புள்ளி தரும் ஏற்பாடும் அந்த ஆட்டத்தில் இல்லை.

மனிதரிடம் பிரித்தறிய முடியாததை இயந்திரம் பிரித்துக் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வில், காய்க்கு 5 விநாடி யோசித்த அதன் கோ நிரல் ஆல்ஃபாகோ ஸீரோவின் எலோ தரம் (ஆட்ட வலிமையின் அளவு) 5,185. அடுத்தடுத்த காய்களை முன்கூட்டிப் பார்க்கும் தேடலை நிறுத்தி, முதல் பார்வையை மட்டும் நம்பி ஆடவிட்டபோது அதே இயந்திரத்தின் தரம் 3,055. வெறும் 400 புள்ளி வித்தியாசமே பத்தில் ஒன்பது ஆட்டத்தை வலியவர் பக்கம் சாய்த்துவிடும். யோசனையின் பலத்துக்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

ஆனால் அந்த யோசனை எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பார்வை நல்லது என்று காட்டிய இடங்களிலேயே தேடல் ஆழமாக இறங்குகிறது; ஒதுக்கிவிட்ட இடத்துக்கு ஏறக்குறைய எதுவும் கிடைப்பதில்லை. 2016 மார்ச்சில் சியோலில், முந்தைய பதிப்பான ஆல்ஃபாகோவுடன் நடந்த நான்காவது ஆட்டத்தில் கொரிய வீரர் லீ செடோல் வைத்த 78ஆம் காய் அப்படிப்பட்டது. மனிதர் அங்கே வைக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று ஆல்ஃபாகோ கணித்திருந்தது. 79ஆம் காயில் தவறு செய்தது. அதை உணர 87 வரை ஆனது. கடிகாரம் அதை நெருக்கவில்லை, கணிப்பே கைவிட்டது.

மனிதருக்கும் இதே குறை உண்டு. ஜப்பானிய வீரர் தகேமியா மசாகி 1988 ஹொனின்போ பட்டப் போட்டியில் ஒரே காய்க்கு 5 மணி 7 நிமிடம் எடுத்துக்கொண்டார். பலகை பாதி காலியாக இருக்கும் கட்டத்தில் எண்ணற்ற வழிகள் திறந்திருக்கும். அவ்வளவு நேரம் எடுத்தாலும் எதையும் கடைசிவரை எண்ணிப் பார்த்துவிட முடியாது. காய்க்கூட்டம் பிழைக்குமா சாகுமா என்ற சிக்கல் அப்படியல்ல. அங்கே விடை இருக்கிறது. இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்தால் அது கைக்கு வரும்.

நீண்ட நேரத்துக்கு அநீதியான முகமும் ஒன்று உண்டு. 1933இல் கோ சீகென் என்ற இளம் வீரருடன் ஆடிய ஷூசாயால், தன் முறை வரும்போதெல்லாம் விரும்பியபடி ஆட்டத்தை ஒத்திவைக்க முடிந்தது. கடிகாரம் நின்றது, அவருடைய யோசனை நிற்கவில்லை.

ஹொனின்போ பட்டப் போட்டியில் தலா 8 மணி நேரம், இரண்டு நாள் ஆட்டம் என்றிருந்த மரபு 2024இல் 3 மணி நேரம், ஒரு நாள் என்று சுருங்கியது. தொடக்கக் கட்டத்தில் இதனால் பெரிய இழப்பில்லை. இழப்பு, நேரம் தீர்ந்தபின் நடக்கும் போராட்டங்களில் வரும். மணிகளைக் குறைத்தது சரியே; அப்படிக் குறைப்பவர்கள், கடைசியில் காய்க்கு ஒரு நிமிடம் என்ற கெடுவை இரண்டு நிமிடமாகவாவது நீட்டியாக வேண்டும்.